மத்யன் மண்ணில் ஒரு ரோபோ நகரம்

சில வாரங்களுக்கு முன் ஜுமுஆ முடிந்து ஹவுளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவர் கைப்பேசியை நீட்டினார். சவூதியில் இருபத்திரண்டு ஆண்டுகள் டிரெய்லர் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர் அவர். திரையில் பாலைவனத்தைக் கிழித்துக்கொண்டு இரண்டு கண்ணாடிச் சுவர்கள் ஓடின. நடுவே தோட்டங்கள், பறக்கும் வண்டிகள், தட்டு ஏந்தி வரும் ரோபோக்கள்.

“ஹஜ்ரத், இந்த ஊர்ல மனுஷனைவிட ரோபோ ஜாஸ்தியா இருக்கப் போகுதாம். என் மச்சான் அங்கேதான் பையனுக்கு வீசா இருக்குன்னு சொல்றார். ரோபோ இருக்கிற ஊர்ல நம்ம பிள்ளைக்கு என்ன வேலை இருக்கப் போகுது? அனுப்பலாமா, வேணாமா?”

வீசா நல்லதா கெட்டதா என்று சொல்ல நான் ஏஜென்ட் அல்ல. ஆனாலும் அவருடைய கேள்வி என்னை விடவில்லை. வளைகுடாச் சம்பளத்தில் அடுப்பெரியும் வீடுகள் நம் தெருக்களில் எத்தனை! டிரைவர், கம்பி கட்டுபவர், துப்புரவுப் பணியாளர், வீட்டு வேலை பார்ப்பவர் என்று நம்மவர்கள் போன வேலைகளைத்தான் அந்த வீடியோவில் ரோபோக்கள் செய்துகொண்டிருந்தன. இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். படித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

அந்த நகரத்தின் பெயர் நியோம். 2017 அக்டோபர் 24 அன்று ரியாதில் நடந்த முதலீட்டு மாநாட்டில் பட்டத்து இளவரசர் முஹம்மது பின் சல்மான் இதை அறிவித்தார். ‘நியோ’ என்றால் கிரேக்க மொழியில் புதியது. கடைசியில் உள்ள ‘ம்’, எதிர்காலத்தைக் குறிக்கும் ‘முஸ்தக்பல்’ என்ற அரபுச் சொல்லின் முதல் எழுத்து. சவூதியின் வடமேற்கு மூலையில், தபூக் மாகாணத்தில், செங்கடலும் அகபா வளைகுடாவும் சேரும் இடத்தில் 26,500 சதுர கிலோமீட்டர் ஒதுக்கினார்கள். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. சொல்லப்பட்ட முதலீடு 50,000 கோடி டாலர்.

மனிதர்களைவிட ரோபோக்கள் அதிகம் இருக்கும் என்ற பேச்சு அந்த முதல் அறிவிப்பின்போதே வந்துவிட்டது. யாரோ வாட்ஸ்அப்பில் கட்டிவிட்ட கதை அல்ல. காவல், பொருள் விநியோகம், முதியோர் பராமரிப்பு போன்றவற்றை இயந்திரங்கள் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். 2019-இல் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழ், இத்திட்டத்துக்காக ஆலோசனை நிறுவனங்கள் தயாரித்த ஆவணங்களைப் பார்த்து ஒரு செய்தி வெளியிட்டது. வீட்டைச் சுத்தம் செய்யும் ரோபோப் பணிப்பெண்கள், பறக்கும் டாக்ஸி, செயற்கை நிலா, ஒரு தீவு நிறைய ரோபோ டைனோசர்கள் என்று அந்தப் பட்டியல் நீண்டது. டைனோசரைப் படித்தபோது சிரிப்பு வந்தது. பணிப்பெண்ணைப் படித்தபோது வரவில்லை. வளைகுடா வீடுகளில் பிறர் பிள்ளைகளை வளர்த்து, தன் பிள்ளையைக் கைப்பேசித் திரையில் பார்த்து அழும் தாய்மார்களை அறிந்தவர்களுக்கு அந்த வரி வேறு மாதிரி கேட்கும்.

2021 ஜனவரியில் ‘தி லைன்’ அறிவிக்கப்பட்டது. பெரியவர் காட்டிய கண்ணாடிச் சுவர் அதுதான். நேர்கோடாக 170 கிலோமீட்டர் நீளம். மதுரையிலிருந்து திருநெல்வேலி போவதைவிடச் சற்று அதிகம். அகலம் 200 மீட்டர் மட்டுமே. உயரம் 500 மீட்டர், கிட்டத்தட்ட ஏழு குதுப் மினார்கள். அதற்குள் 90 லட்சம் மக்கள். கார் கிடையாது, சாலை கிடையாது. அன்றாடத் தேவை எல்லாம் ஐந்து நிமிட நடையில். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபது நிமிடத்தில் ரயில். நகரம் முழுவதையும் செயற்கை நுண்ணறிவு கவனித்துக்கொள்ளும்.

படத்தையும் நிலவரத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2030-க்குள் 15 லட்சம் பேர் குடியேறுவார்கள் என்றது, மூன்று லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது என்றும், அதற்குள் முடியப்போவது 2.4 கிலோமீட்டர்தான் என்றும் 2024 ஏப்ரலில் ‘புளூம்பெர்க்’ எழுதியது. அந்த ஆண்டு நவம்பரில் தலைமை அதிகாரி மாறினார். 2025-இல் திட்டமே மறு ஆய்வுக்குப் போனது. ஆக, அந்த வீடியோவில் நடமாடிய ரோபோக்கள் இன்றுவரை வீடியோவில்தான் நடமாடுகின்றன. கண்ணால் கண்டதையெல்லாம் நம்பி நிலத்தை விற்று வீசா வாங்க வேண்டாம் என்று பெரியவரிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

ஆனால் ஒன்று உண்மையாகவே நடந்தது. ரோபோக்கள் வாழப்போகும் நகரம் என்று சொன்ன இடத்தில் அஸ்திவாரம் தோண்டியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதத் தொழிலாளர்கள். பெரும்பாலோர் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம் போன்ற நாடுகளிலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள். இயந்திரங்களின் ஊரைக் கட்ட மனிதக் கைகள்தாம் தேவைப்பட்டன.

அந்தக் கைகளின் இடத்துக்கும் இப்போது ரோபோ வந்துகொண்டிருக்கிறது, அதுவும் விளம்பரம் இல்லாமல். 2024 இறுதியில் நியோமின் முதலீட்டுப் பிரிவு கொரியாவின் சாம்சங் கட்டுமான நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. கான்கிரீட்டுக்குள் வைக்கும் இரும்புக் கம்பிக் கூண்டுகளை ரோபோக்களே கட்டுவதற்கான ஏற்பாடு அது. அந்த வேலைக்கு ஆகும் மனித உழைப்பு நேரத்தை 80 சதவீதம் வரை குறைக்க முடியும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. நம் ஊர் மொழியில் இதன் பெயர் கம்பி கட்டும் வேலை. பறக்கும் டாக்ஸி வருமோ வராதோ, கம்பி கட்டும் இயந்திரம் வந்துவிட்டது. நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய செய்தி கண்ணாடிச் சுவரைவிட இதுதான்.

இதைச் சாபமாக மட்டும் பார்க்கவும் என்னால் முடியவில்லை. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அந்த வெயில் அப்படிப்பட்டது. குனிந்தபடியே கம்பி கட்டி நாற்பது வயதில் முதுகு போனவர் ஒருவர் எங்கள் பள்ளியில் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். அந்த வேலையை ஓர் இரும்புக் கை செய்தால் அவருடைய முதுகு தப்பியிருக்கும். அதே இரும்புக் கை அவருக்கு முன்பே வந்திருந்தால் அவர் மகளின் நிக்காஹ் எப்படி நடந்திருக்கும் என்பதும் கேள்விதான். இரண்டும் ஒரே மனிதரின் வாழ்க்கை.

இனி நான் ஓதிய பக்கத்துக்கு வருகிறேன். நியோம் அமைந்திருக்கும் நிலத்தின் பழைய பெயரைப் பார்த்தபோது சற்று நேரம் கிதாபை மூடி வைத்துவிட்டேன். அகபா வளைகுடாவை ஒட்டிய அந்த வட்டாரம்தான் மத்யன். அங்கே அல்பத்உ என்ற ஊரில் பாறையைக் குடைந்த பழைய கல்லறைகள் உள்ளன; மக்கள் அவற்றை மகாயிர் ஷுஐப், அதாவது ஷுஐப் (அலை) அவர்களின் குகைகள், என்றே அழைக்கிறார்கள். வரலாறு படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்தக் கல்லறைகள் நபத்தியர் காலத்தவை என்பதே ஆய்வாளர்கள் முடிவு. ஆனால் நிலம் மத்யன் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்யாதீர்கள், மக்களுக்குரியதைக் குறைத்துக் கொடுக்காதீர்கள் என்று ஷுஐப் (அலை) அவர்கள் தம் சமூகத்திடம் மன்றாடியது இந்த மண்ணில்தான். குறைத்துக் கொடுக்கக் கூடாத உரிமைகளில் கூலியும் அடங்கும்.

மூஸா (அலை) அவர்கள் எகிப்திலிருந்து தப்பி வந்து சேர்ந்ததும் இங்கேதான். கையில் காசில்லை, தெரிந்தவர் இல்லை. கிணற்றடியில் ஒதுங்கி நின்ற இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். பிறகு அந்தப் பெண்களின் தந்தையிடமே வேலைக்குச் சேர்ந்தார்கள். எட்டு ஆண்டு ஒப்பந்தம். பத்தாக நிறைவு செய்தால் அது அவர்கள் விருப்பம். அந்தத் தந்தை ஷுஐப் (அலை) அவர்களா, வேறொரு நல்லவரா என்பதில் முஃபஸ்ஸிர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கடல் கடந்து வேலைக்குப் போன நம் பிள்ளைகள் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம்: ஒரு நபி, வேற்றூரில், ஒப்பந்தக் கூலியாக, இதே வட்டாரத்தில் பத்தாண்டு உழைத்திருக்கிறார்.

அவரை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி தந்தையிடம் சொன்னது மகள். சூரா கஸஸில் வரும் அந்தப் பேச்சில் அவள் இரண்டு தகுதிகளைச் சொல்கிறாள்: வலிமை உள்ளவர், நம்பகமானவர். அரபியில் கவிய்யு, அமீன். வலிமை உனக்கு எப்படித் தெரியும் என்று தந்தை கேட்டதாகத் தஃப்ஸீர்களில் வருகிறது. பலர் சேர்ந்து தூக்கும் கிணற்றுக் கல்லை அவர் தனியாகத் தூக்கினார் என்றாள். நம்பகம்? வழிகாட்ட நான் முன்னால் நடந்தபோது, என்னைப் பின்னால் வரச் சொல்லிவிட்டுத் தாம் முன்னால் நடந்தார் என்றாள்.

இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு ரோபோவைப் பாருங்கள். முதல் தகுதியில் நம்மால் போட்டி போடவே முடியாது. கல் என்ன, கிரேனையே தூக்கும். தூங்காது, காய்ச்சல் வராது, ஊருக்கு லீவு கேட்காது. இரண்டாவது தகுதி அதற்கு உண்டா? திருடாது என்பது உண்மை. ஆனால் திருட முடிந்தும் திருடாமல் இருப்பவனைத்தான் அமீன் என்கிறோம். பெட்டிச்சாவியை நம்பிக் கொடுத்துவிட்டுப் போன வீட்டில் கை நீட்டாத டிரைவர் அமீன். பெட்டிக்குப் போட்ட பூட்டு அமீன் ஆகாது. நன்றாகச் செய்த பூட்டு, அவ்வளவுதான். வானங்களும் பூமியும் மலைகளும் ஏற்கத் தயங்கிய அமானிதத்தை மனிதன் ஏற்றுக்கொண்டான் என்ற குர்ஆனின் செய்தியை ஓதும்போதெல்லாம் அது ஏதோ மிகப் பெரிய விஷயம் என்று கடந்து போய்விடுகிறோம். ஒரு டிரைவரின் கையில் இருக்கும் சாவியிலும் அது இருக்கிறது.

‘ஆனால் ஹஜ்ரத், இது பேசுகிறதே, பதில் சொல்கிறதே’ என்று இளைஞர்கள் கேட்பார்கள். அதற்கும் நம் பழைய நூல்களில் ஓர் இடம் உண்டு. ஓதும் காலத்தில் நாங்களே அதைப் படித்துச் சிரித்திருக்கிறோம். பழக்கப்படுத்தப்பட்ட கிளி ஒன்று ஸஜ்தா ஆயத்தை ஓதினால், கேட்பவர்மீது ஸஜ்தா கடமையா? மலையில் மோதித் திரும்பும் எதிரொலியாகக் கேட்டால்? இல்லை என்கின்றன ஹனஃபி நூல்கள். ஷாஃபிஈ நூல்களிலும் கிளியைப் பற்றி அதே முடிவுதான். உச்சரிப்பு சரியாகத்தான் இருக்கிறது. ஓதுகிறோம் என்ற உணர்வும் நாட்டமும் அங்கே இல்லை. பதிவு செய்த பாங்கைப் பற்றி உலமாக்கள் பேசும்போதும் இந்த அடிப்படையில்தான் பேசினார்கள். கிளிக்காக எழுதி வைத்ததை எண்ணூறு ஆண்டு கழித்துப் பேசும் இயந்திரத்துக்காகப் புரட்டுவோம் என்று அன்று எழுதியவர் நினைத்திருக்க மாட்டார்.

ஸோஃபியாவை நினைவிருக்கிறதா? நியோமை அறிவித்த அதே மாநாட்டில், அடுத்த நாள், அந்த ரோபோவுக்குச் சவூதி குடியுரிமை வழங்கப்பட்டதாக மேடையில் சொன்னார்கள். ஹாங்காங்கின் ஹான்சன் நிறுவனம் செய்த, பெண் முகம் கொண்ட இயந்திரம் அது. தலையின் பின்பக்கம் திறந்தே இருக்கும், கம்பிகள் தெரியும். உலகம் முழுக்க ஒரு நாள் செய்தி. மதரஸா மாணவர்கள் ஸோஃபியாவுக்கு ஜகாத் உண்டா, வாரிசு உண்டா என்று கேட்டுக் கலாய்த்தார்கள். ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது பலருக்கு நெஞ்சில் தைத்தது வேறு. அப்போது சவூதிப் பெண்கள் கார் ஓட்டத் தொடங்கியிருக்கவில்லை. 2018 ஜூனில்தான் அது நடந்தது. முப்பது ஆண்டு அந்த மண்ணில் உழைத்து, அங்கேயே பிள்ளைகளைப் பெற்று, அறுபது வயதில் இகாமா முடிந்து பெட்டி கட்டியவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! கேட்காத ஒன்றுக்குக் கேட்காமலேயே கிடைத்தது.

சட்டத்தில் ரோபோவை ஒரு ‘நபர்’ ஆக்க முடியுமா என்று இன்று சட்ட அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். மார்க்கச் சட்டத்துக்கு இது முற்றிலும் புதிது அல்ல. பள்ளிவாசலுக்குச் சொத்து உண்டு, வருமானம் உண்டு, கடனும் உண்டு. வக்ஃப் ஒரு மனிதன் அல்ல. ஆனாலும் அதன் பெயரில் உரிமை இருக்கிறது. கணக்கு உதைத்தால் யாரைக் கூப்பிடுகிறோம்? முத்தவல்லியை. பள்ளிவாசல் கட்டடத்தை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதில்லை. ரோபோவின் பெயரில் என்ன காகிதம் கொடுத்தாலும், அதன் முத்தவல்லி யார் என்ற கேள்வி மிச்சமிருக்கும்.

ஓட்டுநர் இல்லாத கார் ஒருவரை மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நஷ்டஈடு யார் மீது? காரில் தூங்கிக்கொண்டு போனவரா, கார் முதலாளியா, நிரல் எழுதிய நிறுவனமா, பராமரிப்பில் கோட்டை விட்ட பணிமனையா? ஃபிக்ஹு நூல்களில் கார் இல்லை. ஒட்டக வரிசை இருக்கிறது. மேலே ஏறியிருப்பவர், முன்னால் கயிற்றைப் பிடித்து இழுப்பவர், பின்னாலிருந்து ஓட்டுபவர் என்று ஒவ்வொருவரின் பொறுப்பையும் தனித்தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். நேரடியாகச் செய்தவன், காரணமாக இருந்தவன் என்று பிரித்து, காரணமாக இருந்தவன் வரம்பு மீறினானா, கவனக்குறைவாக இருந்தானா என்று கேட்டிருக்கிறார்கள். ‘மெஷின் செய்துவிட்டது, நான் என்ன செய்வேன்’ என்ற பதில் அந்த விசாரணையில் செல்லாது.

என்னை இன்னும் அதிகம் யோசிக்க வைத்தது வேட்டை நாய். பயிற்சி கொடுத்த நாயை பிஸ்மில்லாஹ் சொல்லி அனுப்பி, அது பிடித்துக் கொண்டு வந்தால் உண்ணலாம். அதீ பின் ஹாதிம் (ரலி) அவர்கள் இதைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார்கள். நாய் அதிலிருந்து தின்றுவிட்டால் உண்ணாதே, அது தனக்காகப் பிடித்திருக்கலாம். உன் நாயோடு வேறொரு நாயும் சேர்ந்திருந்தால் உண்ணாதே, நீ பெயர் சொன்னது உன் நாய்க்கு மட்டும்தான். இதுதான் அவர்களுக்குக் கிடைத்த விளக்கத்தின் சாரம். ஓடியது நாய், பிடித்தது நாய். செயல் எழுதப்படுவது அனுப்பியவன் கணக்கில். கோழியறுப்பு இயந்திரத்தைப் பற்றி உலமாக்களுக்கிடையே இன்றும் நடக்கும் வாதம், பொத்தானை அழுத்தியவரின் பிஸ்மில்லாஹ் எத்தனை கோழி வரை போகும் என்பது, இந்த வேரிலிருந்து முளைத்ததுதான். கண்காணிக்கும் கேமராவும், முடிவு செய்யும் கணினியும், தடுக்கும் ரோபோவும் மூன்று வெவ்வேறு நிறுவனங்களுக்குச் சொந்தமாக இருக்கும் ஒரு நகரத்தில், எந்த நாய் பிடித்தது என்று யார் சொல்வது?

இயந்திரம் என்றாலே மார்க்கத்துக்கு ஆகாது என்று இதைப் படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. 9-ஆம் நூற்றாண்டு பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் தானாக இயங்கும் கருவிகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார்கள். 1206-இல் இன்றைய துருக்கியின் தியார்பக்கிரில் அல்-ஜஸரீ எழுதி முடித்த நூல் உலகப் பொறியியல் வரலாற்றில் இடம்பெற்றது. அதில் ஒரு கருவியின் கதை எனக்கு மிகப் பிடிக்கும். உளூ செய்யும்போது ஒரு பணியாளோ அடிமைப்பெண்ணோ பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றுவதை அரசர் விரும்பவில்லை. அதற்கு மாற்றாக அல்-ஜஸரீ ஒரு கருவி செய்து கொடுத்தார். ஊற்றும் வேலையைத்தான் இயந்திரம் எடுத்துக்கொண்டது. நிய்யத்தும் முகம் கழுவுவதும் அரசருடையதாகவே இருந்தன.

இன்று மக்காவின் ஹரமில் கிருமிநாசினி தெளிக்கும் ரோபோ இருக்கிறது, ஜம்ஜம் புட்டி வழங்கிய ரோபோ வந்தது. 2022-இல் வழிபாட்டுச் சந்தேகங்களுக்கு வழிகாட்டும் ரோபோ ஒன்று அறிமுகமானது. பதினொரு மொழிகளில் பேசுமாம். தமிழ் அதில் இல்லை. நம்மவர்கள் இன்னும் கொஞ்ச காலம் ஹஜ் குழுவின் ஆலிமைத்தான் தேடி ஓட வேண்டும்! அந்த ரோபோவில் எனக்குப் பிடித்த அம்சம், தேவைப்பட்டால் தொலைவில் இருக்கும் ஓர் ஆலிமோடு திரையில் பேச வைக்கிறது என்பது. ஃபத்வா கேட்பவரின் முகம் வாடியிருப்பதைப் பார்த்துக் கேள்வியை மாற்றிக் கேட்கும் ஒருவர் மறுமுனையில் இருக்கிறார்.

ரோபோக்களோடு உண்மையிலேயே மனிதர்கள் குடியேறிய ஊர் வேறெங்கோ இருக்கிறது. ஜப்பானில், ஃபூஜி மலை அடிவாரத்தில், தன் பழைய கார் ஆலை இருந்த நிலத்தில் டொயோட்டா நிறுவனம் ‘வோவன் சிட்டி’ என்ற ஊரைக் கட்டி 2025 செப்டம்பரில் திறந்தது. முதல் கட்டத்தில் சில நூறு பேர்தான். பின்னர் 2,000 வரை போகலாம் என்கிறார்கள். வோவன் என்றால் நெய்யப்பட்டது. தறி செய்வதில் தொடங்கிய குடும்பம் அது. நடப்பவர்களுக்கு ஒரு பாதை, மெதுவான வண்டிகளுக்கு ஒரு பாதை, தானாக ஓடும் வண்டிகளுக்கு ஒரு பாதை என்று பிரித்திருக்கிறார்கள். பொருள்கள் நிலத்தடி வழியாக வருகின்றன. அங்கே குடியிருப்பவர்கள் புதிய கருவிகளைப் பயன்படுத்திப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். ஊரே ஒரு பரிசோதனைக் கூடம். மூடிய ஆலையின் நிலத்தில் கட்டியதால், யாரையும் வீட்டைவிட்டு எழுப்ப வேண்டிய தேவை எழவில்லை.

நியோமில் எழுந்தது. அந்த நிலம் காலியாக இல்லை. ஹுவைதாத் என்ற பழங்குடியினர் தலைமுறைகளாக வாழ்ந்த கிராமங்கள் அங்கே இருந்தன. அல்-குரைபா கிராமத்தின் அப்துர் ரஹீம் அல்-ஹுவைதி வீட்டைக் காலி செய்ய மறுத்து, அதைக் காணொளிகளில் சொன்னார். 2020 ஏப்ரலில் பாதுகாப்புப் படையினர் அவரைச் சுட்டுக் கொன்றனர். அவர்தாம் முதலில் சுட்டார் என்பது அதிகாரிகள் தரப்பு. அவருடைய மக்கள் அதை ஏற்கவில்லை. இழப்பீடு தருவதாக அரசு சொன்னது. ஹரமைன் இருக்கும் நாடு என்பதால் இதை எழுதும்போது நம் பேனா தயங்கும். ஆனால் அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி மிம்பரில் அவ்வளவு பேசிவிட்டு, ரோபோக்களுக்கு அண்டை வீடு கட்டுவதற்காக இடம் பெயர்ந்த மனிதர்களை விட்டுவிட்டு இந்த நகரத்தைப் பற்றி எழுதினால் கட்டுரை முழுமையாகாது.

இரண்டு வாரம் கழித்துப் பெரியவர் மகனையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையன் பிளஸ் டூ முடித்தவன், கூச்சம் அதிகம். மேலே எழுதியதில் பாதியைச் சொன்னேன். கிளிக்குச் சிரித்தான். கம்பி கட்டும் ரோபோவைப் பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“அது தப்பாக் கட்டிருச்சுன்னா யாருக்குத் தெரியும் ஹஜ்ரத்? மேலே கான்கிரீட் போட்டு மூடிருவாங்களே?”

“பார்த்துச் சொல்ல ஒருத்தன் வேணும். கம்பியும் தெரியணும், மெஷினும் தெரியணும். பார்த்ததை மறைக்காமச் சொல்லணும்.”

“மெஷின் நின்னுபோச்சுன்னா?”

“அதைத் திறந்து பார்க்கத் தெரிஞ்சவனைக் கூப்பிடுவாங்க.”

பெரியவர் குறுக்கிட்டார். “ஹஜ்ரத், நான் போன காலத்துல ஹெவி லைசென்ஸ் இருந்தாப் போதும். இவனுக்கு என்ன படிக்க வைக்கணும்னு சொல்லுங்க. மச்சான்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2023-இல் புதுப்பித்திருக்கிறார்கள். அங்கே தொழிற்சாலை ரோபோக்களை இயக்குவதற்கும் தானியங்கி இயந்திரங்களைக் கட்டுப்படுத்துவதற்கும் தனிப் படிப்புகள் உண்டு. அரசு ஐ.டி.ஐ. என்பதால் பெரிய செலவு இல்லை. படித்தவுடன் வேலை கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. பக்கத்து ஊர் ஐ.டி.ஐ. அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று திங்கட்கிழமை நேரிலேயே போய்க் கேட்கச் சொன்னேன்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே பையன் அத்தாவிடம் மெதுவாகக் கேட்டான்: “அப்போ வீசாவுக்கு மாமா கட்டுன முன்பணம்?”

“அது என் கவலை. நீ திங்கக்கிழமை என்கூட வா.”